ப்ராசஸர் மாற்றிய பிறகு திரையில் படம் வரவில்லையா? படிப்படியான முழு வழிகாட்டி

பழைய ப்ராசஸரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தியாயிற்று. பொத்தானை அழுத்தினால் மின்விசிறிகள் சுழல்கின்றன, மதர்போர்டில் விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வந்து மறைகிறது. இந்த நிலையில் பலர் உடனே எடுக்கும் முடிவு, புது ப்ராசஸர் பழுது என்பது. அவ்வளவு சீக்கிரம் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதிய ப்ராசஸர் செத்துக் கிடப்பது மிக அரிது. மதர்போர்டுக்கு அந்த ப்ராசஸரை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். படத்தை வெளியே அனுப்ப வழியே இல்லாமல் இருக்கலாம். அல்லது மாற்றும் வேலையில் வேறு ஏதாவது தளர்ந்திருக்கலாம். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பழைய ப்ராசஸரை இப்போதே விற்றுவிடாதீர்கள். பழுது பார்ப்பதில் அதைவிட நம்பகமான சோதனைக் கருவி உங்களிடம் வேறு கிடையாது. அது ஏன் என்பது கீழே போகப் போகத் தெரியும்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 2018-இல் வந்த பி450 மதர்போர்டு, அதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 2200ஜி ப்ராசஸர். இப்போது அதற்குப் பதிலாக ரைசன் 5 5600 பொருத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் உட்காரும் சாக்கெட் ஏஎம்4-தான், இரண்டும் 65 வாட்தான். நான்கு கோர்களிலிருந்து ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் என்று போவதால் நல்ல முன்னேற்றம்; ஆகவே இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் நிறைய. படம் வராமல் திகைப்பவர்களும் நிறைய. இன்டெல் வைத்திருப்பவர்களுக்கான வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது?

பெட்டியைத் திறக்கும் முன் பின்பக்கம் பாருங்கள். 2200ஜி-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தது. அதனால் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினாலே படம் வந்தது. 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதிலிருந்து இனி எதுவும் வராது; அந்தத் துளைக்குப் படத்தைத் தரவேண்டியது ப்ராசஸர்தான்.

கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அதன் துளைக்கு மாற்றுங்கள். கார்டே இல்லையென்றால், கீழே உள்ள எந்தப் படியும் படத்தைக் கொண்டுவராது. ஒரு கார்டு வாங்க வேண்டும், அல்லது கடைக்காரரிடம் பேசி உள்கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி-யாக மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாவற்றையும் சோதித்து ஓய்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

ஏஎம்4 வகையில் பெயரின் முடிவில் ‘ஜி’ எழுத்து இருந்தால் உள்கிராஃபிக்ஸ் உண்டு என்று கொள்ளலாம். 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ், 5800எக்ஸ்3டி ஆகியவற்றில் இல்லை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு வந்த ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சிறிய அளவில் உண்டு, 7500எஃப்-இல் இல்லை. இன்டெலில் ‘எஃப்’ எழுத்தைக் கவனியுங்கள்: கோர் ஐ5 12400-இல் படம் வரும், 12400எஃப்-இல் கார்டு இல்லாமல் வராது.

இதோடு, மானிட்டரின் உள்ளீட்டுத் தேர்வு சரியான துளையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாறியவர்கள் இதை விட்டுவிடுவதுண்டு.

படி 2: பொறுத்திருந்து, மதர்போர்டு சொல்வதைக் கேளுங்கள்

புதிய ப்ராசஸரோடு முதல்முறை இயங்கும்போது மதர்போர்டு ரேமை அளந்து பார்த்துப் பழகிக்கொள்ளும். டிடிஆர்4 போர்டுகள் இந்த நேரத்தில் ஓரிரு முறை தானாகவே அணைந்து மீண்டும் எழுவது இயல்பு. டிடிஆர்5 ரேம் உள்ள ஏஎம்5 போர்டுகளில் இது சில நிமிடங்கள்கூட இழுக்கும். படம் வரவில்லை என்று அரை நிமிடத்தில் பொத்தானை அழுத்தி அணைத்தால் அந்த வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். கீபோர்டில் நம் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் பதில் சொன்னால், கணினி உயிரோடுதான் இருக்கிறது. படம் போகும் பாதையில்தான் கோளாறு. விளக்கு அசையவே இல்லையென்றால், தொடக்கச் சோதனையைக்கூடக் கணினி தாண்டவில்லை. ஒரு விசையை அழுத்தித் தெரிந்துகொள்ளும் இந்தத் தகவல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்தது, மதர்போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் ரேமுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு சிறு விளக்குகள். எல்லா போர்டுகளிலும் இவை இருக்காது. இருந்தால் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றாக எரிந்து அணைந்துகொண்டே வந்து, எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். சிபியு விளக்கு நின்றால் படி 4-இல் உள்ள மின்இணைப்பையும் படி 5-இல் உள்ள பயாஸையும் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) முதலில் சந்தேகியுங்கள். டிராம் என்றால் ரேம், அல்லது வளைந்த பின். விஜிஏ என்றால் கார்டு, அல்லது கார்டு இல்லாதது. பூட் விளக்கு வரை வந்துவிட்டால் ப்ராசஸர் நன்றாகவே இயங்குகிறது. விளக்குகள் இல்லாத போர்டுக்குச் சில ரூபாய் விலையில் கிடைக்கும் சின்ன ஸ்பீக்கரை வாங்கி முன்பலகை இணைப்புகளில் செருகினால், ஒலிகளின் எண்ணிக்கையை வைத்துக் கையேட்டில் பொருள் பார்க்கலாம்.

பொத்தானை அழுத்திய சில நொடிகளில் மொத்தமாக அணைந்துபோகிறதா? அது வேறு வகைக் கோளாறு. கூலர் ப்ராசஸர் மீது சரியாக உட்காரவில்லை, அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை, அல்லது எங்கோ மின்தொடர்பு உரசுகிறது. அப்படியானால் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காமல் கூலரைக் கழற்றிப் பாருங்கள்.

படி 3: சிமாஸ் நினைவை அழியுங்கள்

பழைய ப்ராசஸருக்கென்று வைத்திருந்த ரேம் வேகமும் மின்னழுத்த அமைப்புகளும் மதர்போர்டின் சிமாஸ் நினைவில் தங்கியிருந்தால் புதியது திணறக்கூடும். பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். கணினியின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். பேட்டரி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மறைந்திருந்தால், கையேடு காட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொட்டாலும் போதும். இந்த வேலையின்போது பவர் கேபிள் செருகியிருக்கவே கூடாது. சில ஆண்டுகள் ஓடிய போர்டு என்றால் பேட்டரியைப் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

படி 4: கை பட்ட இடங்களையெல்லாம் பாருங்கள்

கூலரைக் கழற்றும்போது கை போன இடங்கள் எவை? ரேம், மேல் மூலையில் உள்ள ப்ராசஸர் மின்இணைப்பு, கிராஃபிக்ஸ் கார்டு. இந்த மூன்றும்தான் தளர்ந்திருக்கும்.

எட்டு பின் கொண்ட ப்ராசஸர் மின்இணைப்பு நான்கும் நான்குமாகப் பிரிந்திருக்கும். அதைச் செருக மறந்தாலும் மின்விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும். ப்ராசஸருக்கு மட்டும் மின்சாரம் போகாது. கொக்கி ‘டக்’ என்று விழும் வரை அழுத்துங்கள். கார்டுக்கான ஆறும் இரண்டுமான இணைப்பு உருவத்தில் இதைப்போலவே இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருக முயலாதீர்கள். மதர்போர்டுக்கான 24 பின் மின்இணைப்பின் ஒரு முனை மட்டும் பாதி ஏறி நிற்பதும் வழக்கம்.

ரேமில் ஒன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடம்தான் பெரும்பாலும் முதன்மையானது. வராவிட்டால் மற்ற ரேம் துண்டை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் கொக்கிக்குள் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டில் மறுபக்கம் மேலெழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் உணர வேண்டும்.

படி 5: பயாஸ் — பெரும்பாலானோரின் சிக்கல் இங்கேதான்

சாக்கெட் ஒன்றாக இருப்பதால் மட்டும் ப்ராசஸர் இயங்கிவிடாது. ப்ராசஸரை எப்படி எழுப்புவது என்ற கட்டளைகள் பயாஸுக்குள் இருக்கின்றன. ஏஎம்டி அந்தப் பகுதியை ‘அஜீசா’ என்ற பெயரில் எழுதி மதர்போர்டு நிறுவனங்களுக்குத் தருகிறது. பி450 சிப்செட் வந்தது 2018-இல். ரைசன் 5000 வரிசை அறிமுகமானது 2020 நவம்பரில், 5600 வந்தது 2022 ஏப்ரலில். வாங்கிய நாளிலிருந்து பயாஸைப் புதுப்பிக்காத பி450 போர்டுக்கு 5600 என்ற ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாத ப்ராசஸரை அது எழுப்ப முயலாது. திரை கறுப்பாகவே நிற்கும்.

போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடி, ஆதரிக்கும் ப்ராசஸர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 5600-க்கு எதிரே எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று எழுதியிருக்கும். மாடல் பெயர் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. ஒரே பெயரில் முதல் வெளியீடு, இரண்டாம் வெளியீடு என்று வெவ்வேறு போர்டுகள் உண்டு. அந்த எண் போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும்.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று படமே வராத கணினியில் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் பழைய ப்ராசஸர் கைகொடுக்கிறது. அதைத் திரும்பப் பொருத்தி, கணினியை இயக்குங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். பழையதிலும் படம் வராவிட்டால், புதியதன் மீது குற்றம் சொல்ல எதுவுமில்லை. மாற்றும் வேலையில் ஏதோ கெட்டிருக்கிறது, படி 4-க்கும் 6-க்கும் போங்கள். பழையதில் படம் வந்துவிட்டால், போர்டும் ரேமும் மின்சாரமும் நலம். பயாஸ்தான் முதல் சந்தேகம். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால் பயாஸ் பதிப்பும் தேதியும் இருக்கும்.

புதுப்பிக்கும் முறை பின்வருமாறு. பயாஸ் கோப்பைப் பதிவிறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். கணினி தொடங்கும்போது பயாஸுக்குள் நுழைந்து, அதிலேயே இருக்கும் புதுப்பிக்கும் கருவியால் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து புதுப்பிக்கும் மென்பொருளை நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் விண்டோஸ் உறைந்தால் போர்டே போய்விடும். பதிப்புக் குறிப்புகளைப் படிக்காமல் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவாதீர்கள்: சில போர்டுகளில் இடையில் ஒரு குறிப்பிட்ட பதிப்பை ஏற்றிய பிறகே அடுத்ததை ஏற்ற முடியும். சிப்பின் கொள்ளளவு போதாமல் மிகப் பழைய ப்ராசஸர்களின் ஆதரவைப் புதிய பதிப்பில் நீக்கிய போர்டுகளும் உண்டு. அதில் உங்கள் பழைய ப்ராசஸர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மின்வெட்டு வழக்கமாக வரும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பழைய ப்ராசஸரோடு விண்டோஸ் திறந்திருக்கும் இப்போதே செய்ய வேண்டியது: வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவி எண்ணை வேறிடத்தில் குறித்துவைத்துக்கொண்டு, குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய ப்ராசஸரை விற்றுவிட்டவர்களுக்கும் வழி உண்டு. சில போர்டுகளின் பின்பக்கம், ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். எம்எஸ்ஐ, ஏசுஸ், ஜிகாபைட் மூன்றும் ஆளுக்கொரு பெயரில் இந்த வசதியைத் தருகின்றன. எல்லா மாடல்களிலும் அல்ல. பென் டிரைவை அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையிலேயே செருக வேண்டும், கோப்பின் பெயரையும் கையேடு சொல்லும்படி மாற்ற வேண்டும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்து விளக்கு மினுக்கத் தொடங்கும். அது நிற்கும்வரை எதையும் தொடாதீர்கள். இந்தப் பொத்தானும் இல்லையென்றால், பழைய ஏஎம்4 ப்ராசஸர் வைத்திருக்கும் கடைதான் வழி. சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

இன்டெல் பக்கம் ஒரு பெரிய எச்சரிக்கை. எல்ஜிஏ 1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில் இரண்டு உலகங்கள் உள்ளன. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டுகள்; எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை. எட்டாம் தலைமுறை ப்ராசஸர் 200 வரிசை போர்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் இயங்காது. நிறுவனம் தரும் எந்தப் பயாஸும் அதை மாற்றாது. அதேபோல எல்ஜிஏ 1200-இல் எச்410, பி460 சிப்செட்டுகளை இன்டெல் பதினொன்றாம் தலைமுறைக்கு ஆதரிக்கவில்லை. எல்ஜிஏ 1700-இல் நிலைமை எளிது: 600 வரிசை போர்டில் 13, 14-ஆம் தலைமுறையை வைக்கப் பயாஸ் புதுப்பித்தால் போதும்.

படி 6: பின்களைப் பாருங்கள்

ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள் உள்ளன. இந்தச் சாக்கெட்டில் ஓர் அபாயம் இருக்கிறது. வெப்பத்தைக் கடத்த இடையில் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து கூலரையும் ப்ராசஸரையும் ஒட்டிவைத்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். அதனால் கழற்றும் முன் கணினியைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பேஸ்டை இளக்குங்கள். பிறகு அணைத்து, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, பிடி விட்டது கையில் தெரிந்த பின்பே தூக்குங்கள்.

இப்போது புதிய ப்ராசஸரை எடுத்து, கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பார்ப்பதுபோல ஒவ்வொரு வரிசையும் நேராக ஓட வேண்டும். சாய்ந்த பின் மட்டும் வரிசையை மறித்துத் தெரியும். நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சாய்ந்திருந்தால், ஈயக்குச்சி எடுத்த 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின் மீது செருகி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்துங்கள். வரிசையாகச் சாய்ந்திருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை இடையில் ஓட்டலாம். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரே திசையில், பொறுமையாக.

பொருத்தும்போது ப்ராசஸர் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, நெம்புகோலை முழுவதும் உயர்த்தி வைத்தால், தன் எடையிலேயே உள்ளே விழ வேண்டும். விரலால் அழுத்த வேண்டிய தேவை வந்தால் ஏதோ ஒரு பின் சரியில்லை என்று பொருள். எடுத்து மறுபடியும் பாருங்கள்.

இன்டெலிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டின் பக்கம் இருக்கின்றன. ரேமில் ஒரு பாதி மட்டும் தெரிவது, டிராம் விளக்கு அணையாமல் நிற்பது ஆகியவை அங்கே வளைந்த பின்னின் அடையாளங்கள். கூலர் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் இதே அறிகுறி வரலாம். எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, எதிரெதிர் மூலைகளாகச் சமமாக இறுக்கிப் பாருங்கள். சாக்கெட் பின்னை நீங்களே நிமிர்த்த முயல வேண்டாம். உருப்பெருக்கியோடு அமர்ந்து செய்யும் ஆளிடம் கொடுங்கள்.

படி 7: நம் லாக் வேலை செய்கிறது, படம் மட்டும் இல்லை

இந்த நிலைக்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படுகின்றன. முதலாவது, மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு. உள்கிராஃபிக்ஸ் இல்லாத ப்ராசஸரை வாங்கிவிட்டு, ‘படம் வந்தால் போதும்’ என்று ஜீஃபோர்ஸ் 210 போன்ற ஒன்றை இரவல் வாங்கிச் செருகுவார்கள். அந்தக் காலத்துக் கார்டுகள் யுஇஎஃப்ஐ என்ற இன்றைய பயாஸ் முறையில் படம் காட்டாது. சிஎஸ்எம் என்ற பழைய முறை பயாஸில் இயங்க வேண்டும். புதிய பயாஸ் பதிப்புகள் பலவற்றில் அது தொடக்கத்திலேயே அணைந்திருக்கும். சற்றே புதிய கார்டை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, கார்டை நிமிர்த்தி வைக்கும் நீட்டிப்புக் கேபிள். கேபிள் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-க்கு (கார்டும் ப்ராசஸரும் பேசும் பாதை) உரியதாக இருந்து, புதிய ப்ராசஸர் நான்காம் தலைமுறை வேகத்தில் பேசத் தொடங்கினால் படம் வராமல் போகலாம். இன்டெல் பத்தாம் தலைமுறையிலிருந்து பதினொன்றாம் தலைமுறைக்கு மாறும்போது இது நேரும். கார்டை நேரடியாகப் போர்டில் செருகிப் படம் வரவழைத்து, பயாஸில் அந்தத் துளையின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்குக் குறைத்துவிட்டு, பிறகு கேபிளை இணையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மீது வையுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், கார்டு, பவர் சப்ளை தவிர வேறெதுவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கூட வேண்டாம். பழைய ப்ராசஸர் இப்படி இயங்கி, தேவையான பயாஸ் இருந்தும், பின்கள் நேராக இருந்தும் புதியது இயங்காவிட்டால், அப்போது சொல்லலாம் ப்ராசஸர் பழுது என்று. வேறொரு போர்டிலும் அது எழவில்லை என்று கடையிலேயே காட்டி மாற்றித் தரக் கேளுங்கள்.

படம் வந்ததும்

முதல் திரையிலேயே, புதிய ப்ராசஸர் பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்-ஐ அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டு ‘ஒய்’ அல்லது ‘என்’ விசையை அழுத்தச் சொல்லக்கூடும். எஃப்டிபிஎம் என்பது ப்ராசஸருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி; பிட்லாக்கரின் சாவி அதைச் சார்ந்திருக்கிறது. மீட்புச் சாவி எண் கையில் இல்லாமல் ‘ஒய்’ அழுத்தினால் வட்டைத் திறக்க முடியாமல் போகலாம். ‘என்’ அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும். பழைய ப்ராசஸரை மீண்டும் பொருத்தித் தரவுகளை எடுத்துக்கொள்ளலாம். சாவியைக் குறித்துவைத்தவர்கள் தயங்காமல் ‘ஒய்’ அழுத்தலாம்.

அதன்பின் பயாஸுக்குள் போய், ரேம் முழுவதும் தெரிகிறதா, ப்ராசஸரின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ரேம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அமைப்பை விண்டோஸ் ஒருமுறை ஒழுங்காகத் திறந்த பிறகு இயக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடிய பின் பழைய ப்ராசஸரை விற்கலாம். பின்கள் வளையாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.